நீரிற் பிறந்து நீரை வென்ற வர்ணம்

சுவரிலே பூசிய வர்ணம் ஏன் உதிர்ந்து விழுவதில்லை? கேள்வி சிறியது, அதற்குரிய விடையோ மனித குலத்தின் கைத்தொழிற் சரித்திரத்தில் நெடுந்தூரம் செல்வது. நிறம் என்பது அடிப்படையில் ஒரு பொடி. காவிக்கல்லை அரைத்தாலும் கரியை இடித்தாலும் கிடைப்பது பொடியே. பொடிக்குத் தானாக ஒட்டிநிற்கும் ஆற்றல் இல்லை. காற்றடித்தால் பறக்கும், கைபட்டால் அழியும். அதனை ஓரிடத்திலே பிடித்து நிறுத்துவதற்கு வேறொரு பொருள் வேண்டும். அதனைப் பிணைபொருள் என்பர். வர்ணப்பூச்சின் சரித்திரம், அதாவது தீந்தையின் சரித்திரம், பெரும்பாலும் இப்பிணைபொருளின் சரித்திரமே. நிறங்களைக் கண்டுபிடித்தவர்கள் புகழ்பெற்றனர். அந்நிறங்களை நிலைக்கச் செய்த பொருளோ கண்ணுக்குத் தெரியாமலே தன் கடமையைச் செய்து வந்தது.

பழங்காலத்தார் இதற்குப் பல வழிகளைக் கண்டிருந்தனர். ஈரமான சுண்ணாம்புச் சாந்தின்மீது நீரிற் குழைத்த நிறத்தைத் தீட்டுவது ஒரு வழி. சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மீண்டும் கல்லாக மாறும்போது நிறப்பொடியும் அக்கல்லுக்குள்ளே சிறைப்பட்டுவிடும். இத்தாலிய நாட்டு ஆலயச் சுவர்களில் இன்றும் விளங்கும் ஓவியங்கள் பல இவ்வாறு எழுந்தவை. முட்டையின் மஞ்சட்கருவிலே நிறத்தைக் குழைப்பது மற்றொரு வழி. பதினைந்தாம் நூற்றாண்டிலே பிளாண்டேர்ஸ் நாட்டு ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயைக் கையாளும் கலையைச் செம்மை செய்தனர். அதன்பின் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் ஐரோப்பிய ஓவியத்தில் எண்ணெயே ஆட்சி செய்தது.

எண்ணெய் உலர்வது நீர் உலர்வது போன்றதன்று. அது ஆவியாகிப் போவதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை உட்கொண்டு, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, வலைபோலாகிக் கெட்டியாகிறது. அதனால் உலரும் எண்ணெயின் நிறை முதலில் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. ஆனால், இந்த இரசாயனச் செயல் ஒருநாளில் தொடங்கி ஒருவாரத்தில் முடிந்துவிடுவதன்று, பல்லாண்டுகளாகத் தொடர்வது. நாளடைவில் எண்ணெய்ப்படலம் மஞ்சளிக்கிறது. நெகிழ்ச்சியை இழந்து வெடிக்கிறது. மேலும், அதனை இளக்குவதற்கும் தூரிகையைக் கழுவுவதற்கும் டர்ப்பன்டைன் போன்ற நெடிமிக்க, எளிதில் தீப்பற்றும் திரவங்கள் தேவைப்படுகின்றன.

நீரிலே கரையும் கோந்தும் பசையும் இத்தொல்லைகள் அற்றவை. நீர் மலிவானது, நெடியற்றது, தீப்பற்றாதது. ஆனால், நீரிலே கரைந்து வந்த பொருள் மீண்டும் நீர்பட்டால் கரைந்தே போகும். பசை கலந்த டிஸ்டெம்பர் பூசிய சுவரிலே மழைச்சாரல் பட்டால் என்ன நேரும் என்பதை நேயர்கள் பலரும் அறிவர். எனவே, தீந்தைத் தொழிலின்முன் நின்ற பிரச்சினை இதுதான்: நீரோடு வரவேண்டும், ஆயின் நீரோடு போய்விடலாகாது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும்.

இயற்கையோ இம்முரணை என்றோ தீர்த்து வைத்திருந்தது. 1876ஆம் ஆண்டிலே ஹெனரத்கொடைப் பூங்காவில் நாட்டப்பட்ட கன்றுகளிலிருந்து இலங்கையிற் பரவிய இறப்பர் மரம் அதற்குச் சான்று. இறப்பர்ப் பால் ஒரு கரைசலன்று. இறப்பர் நீரிலே கரைவதில்லை. மிகமிகச் சிறிய இறப்பர்த் துணிக்கைகள் நீரிலே மிதந்து நிற்பதனாலேயே அது பாலாகக் காட்சியளிக்கிறது. ஒவ்வொரு துணிக்கையும் ஒரே வகையான மின்னேற்றத்தைப் போர்த்திருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. சிறிது அமோனியா சேர்த்தால் பால் கெடாமல் நெடுநாள் நிற்கும். போமிக் அமிலம் சேர்த்தால் திரண்டு உறைந்துவிடும். உறைந்த இறப்பர் எவ்வளவு நீரில் இட்டாலும் மீண்டும் பாலாவதில்லை. நீரில் மிதந்து வந்து நீருக்கு அடங்காத பொருளாக நிற்கும் வித்தை இதுவே. இதனைத் தீந்தைக்குப் பயன்படுத்தத்தக்க வேறொரு பொருள் கிடைக்கவேண்டியிருந்தது. அப்பொருளின் கதை ஐரோப்பாவிலே தொடங்குகிறது.

காய்ந்த எண்ணெய் மிகுந்த சூட்டிற் புகையும்போது கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி எழுவதுண்டு. அந்நெடிக்குக் காரணமான பொருள்களுள் ஒன்று அக்கிரோலின் எனப்படும். 1843ஆம் ஆண்டிலே யோசேப் ரெட்டன்பாகர் என்னும் இரசாயன அறிஞர் அதனை ஒட்சியேற்றி ஓர் அமிலத்தைப் பெற்றார். அதுவே அக்கிரிலிக் அமிலம். காரமான நெடியுடைய எண்ணெய் என்று பொருள்படும் இலத்தீன் சொற்களின் வழிவந்த பெயர் அது. அவ்வமிலத்திலிருந்து ஆக்கப்பட்ட சில திரவங்கள் தாமாகவே கெட்டிப்பட்டுத் தெளிந்த கூழாக மாறுவதைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கண்டனர். கண்டவர் பலருக்கும் அது குடுவையைக் கெடுக்கும் தொல்லையாகவே தோன்றியது.

அத்தொல்லையைச் செல்வமாகக் கண்டவர் ஒட்டோ றோம். 1876இற் பிறந்து, மருந்துக்கடையிலே தொழில் பயின்று, பின்னர் இரசாயனம் கற்ற இவர், 1901ஆம் ஆண்டிலே தியூபிங்கன் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ஹான்ஸ் பொன் பெக்மன் என்பாரின் கீழ், அக்கிரிலிக் அமிலத்தின் பல்பகுதியங்களைப் பற்றி ஆய்வுரை எழுதிக் கலாநிதிப் பட்டம் பெற்றார். சிறிய மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நீண்ட சங்கிலியாவதையே பல்பகுதியம் என்பர். எனினும், அவர் காலத்திலே சங்கிலி என்ற கருத்து நிலைபெறவில்லை. ஹேர்மன் ஸ்ரோடிங்கர் 1920இல் அக்கருத்தை வெளியிட்டபோது அதனை நம்ப மறுத்தவர் பலர். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953ஆம் ஆண்டிலேதான். பொருள் கையில் இருந்தது; அது எத்தன்மையது என்னும் அறிவு அரை நூற்றாண்டு பின்தங்கியே வந்தது.

ஆய்வுரை உடனே சோறு போடவில்லை. 1907இல் ஒட்டோ ஹாஸ் என்னும் நண்பரோடு சேர்ந்து றோம் தொடங்கிய கைத்தொழில் தோல் பதனிடுவதற்குரிய ஒரு நொதியப் பொருளைச் செய்து விற்பது. அதுவரை அவ்வேலைக்குத் தோற்பதனிடுவோர் நாயின் மலத்தைப் பயன்படுத்தி வந்தனர். அதனை ஒழித்ததால் வியாபாரம் செழித்தது. 1909இல் நிலையம் டார்ம்ஸ்ராட் நகருக்கு மாறியது. அதே ஆண்டில் ஹாஸ் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குச் சென்று அங்கும் கிளை அமைத்தார். தோலிலே ஈட்டிய பொருளைக் கொண்டு றோம் தமது பழைய அக்கிரிலிக் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். உலரும் எண்ணெய்க்குப் பதிலாக அக்கிரிலிக் பொருளைத் தீந்தையிற் பயன்படுத்தலாம் என்று 1915ஆம் ஆண்டிலேயே அவர் உரிமைப் பத்திரம் பெற்றார். ஆயின் அதனை மலிவாக ஆக்கும் முறை அகப்படவில்லை. 1920களின் இறுதியிலேதான் அக்கிரிலிக் பொருள்கள் விற்பனைக்கு வந்தன. 1933இல் பிளெக்சிகிளாஸ் என்னும் உடையாக் கண்ணாடி வெளிவந்தது. அடுத்த உலகப் போரிலே விமானச் சாளரங்களெல்லாம் அதனால் ஆயின. றோம் 1939இற் காலமானார். தமது பொருள் உலகெங்கும் வீட்டுச் சுவர்களிலே ஏறுவதை அவர் காணவில்லை.

அதனைச் சுவரில் ஏற்றியது போரின் மறைமுக விளைவே. 1942இல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் கைப்பட்டதும், நேச நாடுகள் தமக்குக் கிடைத்துவந்த இயற்கை இறப்பரில் மிகப் பெரும்பகுதியை இழந்தன. எஞ்சிய பெருவிளைநிலம் இலங்கையே. ஐக்கிய அமெரிக்கா செயற்கை இறப்பரை ஆக்குவதற்குப் பெரு முயற்சி மேற்கொண்டது. அம்முறை வியப்புக்குரியது. சவர்க்காரம் கலந்த நீரிலே ஸ்ரைரீன், பியூற்றாடையீன் என்னும் பொருள்களை இட்டுக் கலக்குவர். சவர்க்கார மூலக்கூறுகள் சிறு சிறு கூட்டங்களாகத் திரண்டு நிற்க, அக்கூட்டங்களின் உள்ளே புகுந்த பொருள்கள் நீண்ட சங்கிலிகளாகக் கோக்கப்படும். முடிவிலே கிடைப்பது மரம் தரும் பாலைப் போன்ற ஒரு செயற்கைப் பால். பூங்காவில் இயற்கை செய்ததை உலோகக் கலத்திலே மனிதன் செய்தான்.

போர் முடிந்ததும் இச்செயற்கைப் பாலுக்குப் புதிய பயன் தேடப்பட்டது. 1948இல் கிளிடன் கம்பனி, ஸ்ரைரீனும் பியூற்றாடையீனும் கலந்த பாலைப் பிணைபொருளாகக் கொண்ட வீட்டுத் தீந்தையை அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. நெடியின்றிப் பூசவும், சவர்க்கார நீராலே தூரிகையைக் கழுவவும் முடிந்ததால் அது விரைவிற் பரவியது. ஆயினும், அப்பொருளின் சங்கிலிகளில் ஒட்சிசன் தாக்கத்தக்க பலவீனமான இணைப்புகள் எஞ்சியிருந்தன. வெயில்பட அது மஞ்சளித்தது, இறுகியது. அக்கிரிலிக் சங்கிலிகளிலே அத்தகைய பலவீனம் இல்லை. சூரிய ஒளி அவற்றை அவ்வாறு கெடுப்பதில்லை. 1953ஆம் ஆண்டிலே பிலடெல்பியாவின் றோம் அன்ட் ஹாஸ் கம்பனி முற்றிலும் அக்கிரிலிக் பொருளால் ஆன பாலொன்றைத் தீந்தைக்கென வெளியிட்டது. ஒட்டோ றோம் உரிமைப் பத்திரம் பெற்று முப்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அந்தப் பாலிலே இரண்டு பொருள்கள் கூட்டாகக் கோக்கப்பட்டன. ஒன்று, பிளெக்சிகிளாஸ் செய்யப்படும் அதே மெதைல் மெதக்கிரிலேற்று. அது தனித்து நின்றால் ஏறத்தாழ 105 பாகை செல்சியஸ் வரை கண்ணாடிபோற் கடினமாக இருக்கும். மற்றொன்று எதைல் அக்கிரிலேற்று. அது தனித்து நின்றால் உறைநிலைக்கும் கீழே இருபது பாகையிலும் மென்மை குன்றாது. கடினமான பொருள் மட்டும் இருந்தால் படலம் உருவாகாது. மென்மையான பொருள் மட்டும் இருந்தால் சுவர் என்றும் பிசுபிசுக்கும். இரண்டையும் தக்க அளவிற் கலந்து, சாதாரண அறைவெப்பத்திலே நெகிழ்ந்து கொடுக்கும் ஒரு நடுநிலையைப் பெற்றனர். பின்னர், 1980களின் இறுதி தொட்டு, எதைலின் இடத்திலே பியூற்றைல் அக்கிரிலேற்று பெரும்பாலும் இடம்பெற்றது.

இந்தப் பால் எவ்வாறு உறுதியான படலமாகிறது? துணிக்கை ஒன்றின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவினது. அத்தகைய கோடானுகோடி உருண்டைகள் நீரிலே விலகி மிதக்கின்றன. பூசியவுடன் நீர் காற்றிலே ஆவியாகத் தொடங்குகிறது. இடம் சுருங்கச் சுருங்க உருண்டைகள் நெருங்குகின்றன. இது முதற்படி. பின்பு, பெட்டியிலே அடுக்கிய தோடம்பழங்கள் போல அவை ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. ஒரே அளவான உருண்டைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் நூற்றுக்கு எழுபத்துநான்கு பங்கிற்கு மேல் இடம் நிரம்பாது; மிகுதி இடைவெளியிலே நீர் நிற்கும். அந்த நீரும் போகும்போது உருண்டைகள் நசுங்கி, இடைவெளியின்றிப் பன்னிரு முகங்கொண்ட உருக்களாகின்றன. இது இரண்டாம் படி. தேன்கூட்டின் அறைகளை நினைவூட்டும் தோற்றம் அது. இறுதியாக, அயல் உருண்டைகளின் எல்லைகளைக் கடந்து நீண்ட சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பின்னிக்கொள்கின்றன. இது மூன்றாம் படி. அதன்பின் உருண்டை என்று தனித்து ஒன்று இல்லை. அனைத்தும் ஒரே படலம். நீர் மீண்டும் வந்தாலும் பிரித்தெடுக்கத் துணிக்கைகள் அங்கே இருப்பதில்லை.

உருண்டைகளை நசுக்கும் விசை எது என்பது அறிஞரிடையே நெடிய வாதத்திற்கு இடமாயிற்று. 1951இல் டிலன், மதிசன், பிராட்போர்ட் என்னும் மூவர், துணிக்கைகளின் மேற்பரப்பிழுவிசையே அவற்றை ஒன்றாக உருக்குகிறது என்றனர். 1956இல் பிறவுண் என்னும் ஆராய்ச்சியாளர் வேறொரு விளக்கம் தந்தார். உருண்டைகளுக்கு இடையே எஞ்சிய நீர் வளைந்த பரப்புடைய நுண்குழாய்களாக நின்று அவற்றை ஒன்றை நோக்கி ஒன்றை இழுக்கிறது என்றார் அவர். கடற்கரையிலே சிறுவர் மணல்வீடு கட்டுவதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். உலர்ந்த மணல் சரிந்து விழும். ஈரமணல் நிமிர்ந்து நிற்கும். மணலைப் பிடித்து வைப்பது அதற்கிடையே உள்ள சொற்ப நீரே. இன்று இரு விசைகளுக்கும் இடமுண்டு எனக் கொள்கின்றனர். சூழ்நிலைக்கேற்ப ஒன்றோ மற்றொன்றோ ஓங்கி நிற்கும். பிறவுணின் விளக்கத்திலே ஒரு பேருண்மை வெளிப்படுகிறது. நீர் வெறும் வாகனமன்று. தான் விடைபெறும் வேளையிலே, தான் சுமந்து வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்து இறுக்கிவிட்டே அது செல்கிறது.

மூன்றாம் படியாகிய பின்னல் 1958இல் சோவியத் அறிஞர் வொயுத்ஸ்கியின் எழுத்துக்களில் வற்புறுத்தப்பட்டது. அதனைக் கண்ணெதிரே நிறுவுவதற்கு 1980கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சில துணிக்கைகளில் ஐதரசனுக்குப் பதிலாகக் கன ஐதரசனை வைத்து அடையாளமிட்டு, நியூத்திரன் கதிர்களைச் செலுத்தி, சங்கிலிகள் எல்லை கடந்து பரவுவதை அளந்தனர்.

இவ்வறிவு ஆய்வுகூடத்தோடு நின்றுவிடுவதன்று. குளிர்நாட்டிலே பனிக்காலத்திற் பூசிய நீர்த்தீந்தை சிலபோது வெடித்துப் பொடியாவதேன்? குளிரிலே உருண்டைகள் கடினமாகி நசுங்க மறுப்பதனாலேயே. நீர் போய்விடும், உருண்டைகளோ தனித்தனியே நின்றுவிடும். இதனைத் தவிர்க்கவே, படலம் உருவாகும்வரை உருண்டையை இளக்கி வைத்துப் பின்னர் மெல்ல ஆவியாகும் ஒரு துணைத்திரவத்தைச் சேர்ப்பர். பூசும்போது வெளிறித் தோன்றும் வர்ணம் உலர்ந்தபின் கருமையுறுவதேன்? நீருக்கும் உருண்டைக்கும் இடையிலே ஒளி சிதறுவதால் ஈரப்பூச்சு பாலின் வெண்மையைக் கொண்டிருக்கிறது. எல்லைகள் மறைந்ததும் படலம் தெளிகிறது. நிறத்தின் உண்மைத் தோற்றம் வெளிப்படுகிறது.

சுவருக்கென வந்த பொருளை ஓவியர் கைவிடவில்லை. உண்மையில், அவர்களுடைய தேடல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. மெக்சிக்கோ நாட்டின் டேவிட் அல்பாரோ சிக்கெய்றோஸ், ஓவியம் செல்வர் மாளிகையிலே தொங்குவதற்கன்று, வெயிலும் மழையும் படும் பொதுச்சுவரிலே மக்கள் காண்பதற்கு என்று வாதிட்டவர். அத்தகைய ஓவியத்தை எண்ணெய் தாங்காது என்று கண்டு, 1936இல் நியூயோர்க்கில் அவர் நடத்திய பரிசோதனைப் பட்டறையிலே மோட்டார் வண்டிக்குப் பூசும் தீந்தையைக் கையாண்டார். ஜக்சன் பொலொக் அங்கே பங்குகொண்டவர்களுள் ஒருவர். சிக்கெய்றோசின் நாட்டவரான ஹோசே குத்தியேரெஸ் மெக்சிக்கோவின் தொழினுட்பக் கல்லூரியிலே புதிய பிணைபொருள்களை ஆராய்ந்தார். நியூயோர்க்கில் லெனாட் போக்கூர் 1940களின் இறுதியிலே டர்ப்பன்டைனிற் கரையும் அக்கிரிலிக் வர்ணத்தை ஆக்கினார். 1955இல் சின்சினாற்றி நகரத்து ஹென்றி லெவிசன், நீரிலே மிதக்கும் அக்கிரிலிக் பாலைக் கொண்டு ஓவியருக்கென வர்ணம் செய்து லிக்கிற்றெக்ஸ் என்ற பெயரால் வெளியிட்டார். 1963இல் பிரித்தானியாவின் ரௌனி கம்பனி கிறைலா என்ற வர்ணத்தை அளித்தது. 1964இற் கலிபோர்னியாவுக்குச் சென்ற ஆங்கில ஓவியர் டேவிட் ஹொக்னி அங்கே நீச்சற்குளங்களை இவ்வர்ணத்தாலேயே தீட்டினார்; 1967இல் எழுந்த அவருடைய புகழ்பெற்ற நீர்த்தெறிப்புச் சித்திரம் அவற்றுள் ஒன்று. 1966இல் லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தார், புகைமூட்டத்தை வளர்க்கும் கரைப்பான்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியதும் தீந்தைத் தொழில் நீரை நோக்கி மேலும் விரைந்தது.

ஐந்நூறு ஆண்டுகள் எண்ணெய்க்கு இருந்த சான்று இப்புதிய வர்ணத்திற்கு இல்லை. அதன் முதுமை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. உருண்டைகளை நீரிலே பிரித்து வைத்த சவர்க்காரம் போன்ற பொருள்கள் நீரோடு போவதில்லை, படலத்துள்ளே தங்கிவிடுகின்றன. காலப்போக்கில் அவை மேற்பரப்புக்கு வந்து மங்கலான மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அறைவெப்பத்திலே மென்மையாக நிற்கும்படி செய்யப்பட்ட பொருளாதலால் தூசியும் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. நீரால் துடைத்தால் படலம் சற்றே ஊதும்; தங்கியிருந்த துணைப்பொருள்களும் கழுவப்படும். எண்ணெய்ச் சித்திரத்தைத் துப்புரவு செய்யும் கரைப்பான்களோ இதனை இளக்கிவிடும். பனிக்காலத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசென்றால் குளிரிலே விறைத்து வெடிக்கவும் கூடும். எனவே, பழைய ஓவியங்களைப் பேணக் கற்ற கைகள் புதிய ஓவியத்தின் முன்னே தயங்கி நின்றன. லண்டனின் டேற் கலைக்கூடமும், வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடமும், லொஸ் ஏஞ்சலிசின் கெற்றிப் பாதுகாப்பு நிலையமும் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் கூட்டாக ஆராய்ச்சி செய்து வருகின்றன. 2006இல் இதற்கென லண்டனிலே ஒரு மகாநாடும் கூடியது. நீரின் அமிலத்தன்மையையும் அதிலுள்ள உப்பின் அளவையும் அளவாக மாற்றிப் படலம் ஊதாதவாறு துடைக்கும் முறைகள் அவ்வாராய்ச்சிகளின் பயனாகக் கிடைத்துள்ளன.

ஓவியன் தீட்டியபோது ஒரு மணி நேரத்தில் உலர்ந்த வர்ணம் உண்மையில் முற்றுப்பெற்றுவிடவில்லை என்பதே இவ்வாராய்ச்சிகள் உணர்த்தும் பாடம். சங்கிலிகள் பின்னிக்கொள்ளும் செயல் நீர் போனபின்னும் நாட்கணக்காகத் தொடர்கிறது. நீரிலே வருவதற்காகச் சேர்த்த துணைப்பொருள்களோ தம் வேலை முடிந்தபின்னும் உள்ளேயே இருக்கின்றன. மஞ்சளிப்பும் டர்ப்பன்டைன் நெடியும் எண்ணெய்க்காகச் செலுத்திய விலை. நீரின் எளிமைக்கும் ஒரு விலை உண்டு; அது பூசியவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, பேணுவோர் கைக்கே வந்து சேர்கிறது. நூதனசாலையின் சித்திரத்தையும் சாதாரண வீட்டின் சுவரையும் ஒரே படலமே காத்து நிற்கிறது. அதனை அறிந்து பேணினால், வந்து போன நீர் கட்டிவைத்த அக்கட்டு நெடுங்காலம் நிற்கும்.